கும்பளங்கியின் நீல ஒளி

மட்டாஞ்சேரியிலிருந்து தெற்கே சென்று, பள்ளுருத்தியையும் பெரும்படப்பையும் கடந்து பாலத்தில் ஏறினால் கும்பளங்கி வந்துவிடும். காயல் சூழ்ந்த மீனவர் ஊர் அது. கோடையில் காயல் நீரில் உப்பு மிகும்போது அங்கு ஒரு விந்தை நிகழும். இருளில் இறால் வயலின் நீரைக் கையால் அளைந்தால், அளைந்த இடமெல்லாம் நீல ஒளி சுடர்விடும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் அசைவு பட்டதும் உமிழும் ஒளி அது. ஊரார் அதனைக் 'கவரு' என்பர். மழை பெய்து உப்புக் குறைந்தால் ஒளியும் மறைந்துவிடும்.

2019-இல் வெளிவந்த 'கும்பளங்கி நைட்ஸ்' என்னும் மலையாளத் திரைப்படம் இவ்வொளியைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. அதன்பின் இரவில் அதைத் தேடி வருவோர் பெருகினர். விருந்தினர் வருகை கும்பளங்கிக்குப் புதிதன்று. 2003-இலேயே அங்கு மாதிரிச் சுற்றுலாக் கிராமத் திட்டம் தொடங்கப்பட்டது. வருவோர் ஊரார் வீடுகளில் தங்குவர்; சீனவலை இழுப்பதையும் கயிறு திரிப்பதையும் காண்பர். சமைப்பவருக்கும் தோணி செலுத்துபவருக்கும் அதனால் வருவாய் கிடைக்கும்.

ஆனால், வண்டியில் வந்து, வரப்பில் நின்று, நீரைக் கலக்கிப் படம் எடுத்துக்கொண்டு உடனே திரும்புவோரால் ஊருக்கு என்ன பயன்? அவர்கள் நிற்கும் வரப்பு வெறும் மண்மேடு அன்று. அது பொக்காளி வயலின் வரப்பு. மழைக்காலத்தில் அங்கு நெல் விளையும். அறுவடைக்குப் பின் மதகு வழியே காயல் நீரை விட்டு இறால் வளர்ப்பர். வரப்பு உடைந்தால் வளர்ந்த இறாலெல்லாம் நீரோடு போய்விடும். அது ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு.

இலங்கையில் திரிகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. கிணறு ஓரிடத்தில் நிற்பது. சுற்றிலும் சுவர் எழுப்பி நுழைவுச்சீட்டுக் கொடுக்கலாம். கவருக்கு அவ்வாறு வேலி கட்ட இயலாது. இன்று எந்த வயலில் ஒளி தெரியும் என்பதை அவ்வூர்த் தோணிக்காரரே நன்கு அறிவார். ஆகவே, உள்ளூர்த் தோணிக்காரருடன் மட்டுமே கவரு காணச் செல்லலாம் என்று ஊராட்சி விதி வகுப்பதே முறை. ஓர் இரவில் எத்தனை பேர் வரலாம் என்பதை வயலுக்கு உரியவர்களே முடிவு செய்யட்டும். கட்டணத்தில் ஒரு பங்கும் அவர்களைச் சேரட்டும்.

கூட்டம் குறைந்தால் தேநீர்க் கடைகளின் விற்பனையும் குறையுமே என்று சிலர் கேட்பர். ஓரளவு உண்மைதான். எனினும், இரவு தங்கிக் கவரு காண்பவர் விடிந்ததும் ஊரிலேயே உணவு உண்பார். சீனவலையில் விழுந்த மீனையும் விலைக்கு வாங்கிக்கொண்டே புறப்படுவார்.