காம்பவுண்டுக்கு வெளியே என்ன வரும்?

சென்ற ஆண்டு என் அண்ணன் வீடு வாங்கக் கிளம்பினார். எங்கள் குடும்பத்தில் சொந்த வீட்டுக்காகப் பத்திரப் பதிவு அலுவலகத்தின் படியேறப் போகும் முதல் ஆள் அவர்தான். அப்பா நகராட்சிக் குடியிருப்பில் பாதி ஆயுளையும் வாடகை வீடுகளில் மீதி ஆயுளையும் கழித்தவர். சென்னையின் தெற்கு விளிம்பில் கட்டிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பார்க்க அண்ணன், அண்ணியோடு நானும் போனேன்.

மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டிய விற்பனைப் பிரதிநிதி மூச்சுவிடாமல் பேசினார். "மெட்ரோ வருது சார், ஐ.டி. பார்க் வருது. மூணு வருஷத்துல விலை டபுள் ஆயிடும். பக்கத்துல காலனி கீலனி எதுவும் கிடையாது. சுத்தி எல்லாம் டீசன்ட்டான ஃபேமிலிங்கதான். அதோ அந்த ஓரத்துல நாலு குடிசை தெரியுதுல்ல, அதுவும் கிளியர் ஆயிடும்."

அண்ணன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இப்படிப் பலமுறை கேட்டுப் பழகிய முகம் அது. பின்பக்க ஜன்னலைக் காட்டி, "அந்தக் காலி இடத்துல என்ன வரும்?" என்று மட்டும் கேட்டார்.

"அது அப்படியேதான் சார் இருக்கும். பார்க் மாதிரி நெனச்சுக்கோங்க."

அண்ணன் கேட்காத கேள்விக்கு முழுப் பதிலும், கேட்ட கேள்விக்கு மழுப்பலும் கிடைத்தன. புதுவீடு வாங்குவதில் உள்ள ஆபத்துகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாகச் சுவர் விரிசல், தாமதம், மறைமுகக் கட்டணம் என்று பட்டியலிடுவார்கள். அவை உண்மைதான். ஆனால் 'பக்கத்தில் என்ன வரும்?' என்பதுதான் வாங்குகிறவரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் கேள்வி. அந்தக் கேள்வியைச் சாதி எப்படிக் கடத்திக்கொண்டு போகிறது என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

நகர விரிவாக்கத்தில் விழுங்கப்பட்ட கிராமங்களின் நிலக் கணக்குகள் என் ஆய்வுப் பொருள் என்பதால், அன்று இரவே அந்த இடத்தின் சர்வே எண்ணைத் தேடினேன். புலப்பட வரைபடத்திலும் 'அ' பதிவேட்டிலும் அந்தக் காலி இடத்தின் ஓர் ஓரம் ஏரியின் உபரிநீர் வாய்க்கால் என்று இருந்தது. ரியல் எஸ்டேட் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றப்பட்டிருந்த வரைபடத்திலோ, மீதி இடம் அதே நிறுவனத்தின் இரண்டாம் கட்டக் கட்டுமானத்துக்கு என்று குறிக்கப்பட்டிருந்தது. பார்க் என்று சொல்லப்பட்ட இடத்தில் பாதி வெள்ளம் வரும் வழி, பாதி இன்னொரு அடுக்குமாடி.

சட்டம் நமக்கு எதுவுமே தரவில்லை என்று சொல்ல மாட்டேன். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரேரா, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காடு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற திட்டத்தை மாற்ற மூன்றில் இரு பங்கு ஒதுக்கீட்டாளர்களின் சம்மதம் தேவை. ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் கட்டியவரே சரி செய்ய வேண்டும். விளம்பரத்தில் பொய் சொல்லியிருந்தால் இழப்பீடு கேட்கலாம். அதனால்தான் அந்தப் பளபளப்பான விளம்பரக் கையேட்டைத் தூக்கிப் போடாமல் பத்திரத்தோடு சேர்த்து வைக்கச் சொல்கிறேன்.

ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் பெரும்பாலும் காம்பவுண்டுச் சுவரோடு முடிந்துவிடுகிறது. சுவருக்கு அப்பால் இருக்கும் நிலம் நாளை என்னவாகும் என்று விற்பவர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சாலை அகலப்படுத்தப்படுமா, நிலப் பயன்பாடு மாற்றப்படுமா, ஏரி நிறைந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதெல்லாம் பெருந்திட்ட வரைபடத்திலும் கிராமக் கணக்கிலும் சிதறிக் கிடக்கின்றன. நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு ஆட்சேபணை கேட்டு நாளிதழின் மூலையில் ஓர் அறிவிப்பு வரும். அதைத் தேடிப் பிடித்துப் படிப்பவர் யார்? வழக்கறிஞர் உறவினரோ, வருவாய்த் துறை நண்பரோ, பொறியாளர் மாமாவோ இருக்கிற குடும்பத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கும் தகவல் அது. முதல் தலைமுறையாக வீடு வாங்கும் தலித் குடும்பத்துக்கு இருபது ஆண்டு வங்கிக் கடன் கிடைக்கிறது. அந்தத் தகவல் கிடைப்பதில்லை. நிலமும் கல்வியும் சேர்ந்து மறுக்கப்பட்ட வரலாறு இந்த இடத்தில்தான் கடைசித் தவணையை வசூலிக்கிறது. விலை குறைவு என்று நம்மிடம் வந்து சேருவது பெரும்பாலும் பள்ளத்து நிலம்.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். தென்சென்னையின் மழைநீரை வாங்கிக் கடலுக்கு அனுப்பிய சதுப்பு நிலம் அது. அதன்மேல் பெருங்குடிக் குப்பைமேடு ஏறியது. சாலைகளும் நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் ஏறின. எஞ்சிய 1,247 ஹெக்டேர் 2022இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. 2025இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், ராம்சர் எல்லையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. சூழலைக் காக்கும் நோக்கில் வந்த உத்தரவை நான் வரவேற்கிறேன். ஆனால் 'எதிரே சதுப்பு நிலக் காட்சி' என்று விற்கப்பட்டு முன்பணம் கட்டியவர்களின் நிலை என்ன? அனுமதி கொடுத்தவர்களும் காசு வாங்கியவர்களும் வரைபடத்தை முன்பே பார்த்திருந்தவர்கள். வாங்கியவர் மட்டும்தான் பார்க்கவில்லை.

இதே சதுப்பு நிலத்தை ஒட்டித்தான் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் இருக்கின்றன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அவர்களில் பெரும்பகுதியினர் தலித் மக்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, வெள்ளம் தேங்கும் இடத்தில் குடியேற்றினார்கள். வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டன. தனியார் அடுக்குமாடியில் தண்ணீர் ஏறினால் ஏமாற்றப்பட்டோம் என்று வழக்குப் போட ஒரு பத்திரமாவது இருக்கிறது. லாரியில் ஏற்றி இறக்கிவிடப்பட்டவர் கையில் அதுவும் இல்லை.

இப்போது அந்த விற்பனைப் பிரதிநிதியின் பேச்சுக்குத் திரும்புவோம். "அந்தக் குடிசையும் கிளியர் ஆயிடும்" என்றாரே, அது நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், இரண்டு கார் நிறுத்தம் ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ஒரு வசதி. ஒரு சேரியின் வெளியேற்றம், சதுர அடி விலைக்குள் அடக்கம். 'அருகமை வளர்ச்சி' என்று ரியல் எஸ்டேட் மொழியில் சொல்லப்படுவதில் பெரும்பங்கு இதுதான். இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வாங்குகிறவர், அந்த வெளியேற்றத்துக்கும் சேர்த்துத்தான் தவணை கட்டுகிறார்.

இன்னொரு ஆபத்து பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கும் ஆணை பிறந்தது. முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படிக் கொடுக்கப்பட்ட நிலங்களில் பெரும்பகுதி மிரட்டியும் ஏமாற்றியும் பறிக்கப்பட்டது. காரணை நிலங்களுக்காகக் கிளர்ந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். அதே மாவட்டத்து நிலங்கள்தான் இன்று மனைகளாகக் கூறு போடப்படுகின்றன. வில்லங்கச் சான்றில் பதிவான பரிவர்த்தனைகள்தான் தெரியும். அரசு ஒப்படையின் நிபந்தனை தெரியாமல் போகலாம். ஆகவே மூல ஆவணத்தையும் 'அ' பதிவேட்டையும் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். வீட்டு ஆலோசகர்கள் இதை 'உரிமையில் குறைபாடு' என்று நாசூக்காகச் சொல்வார்கள். நாம் அதைக் களவுப்பொருள் என்று சொல்லுவோம்.

இத்தனையையும் சரிபார்த்து வாங்கினாலும், சுவருக்குள் நமக்கு இடம் உண்டா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பரோடாவில் வேலைக்குப் போன அண்ணல் அம்பேத்கருக்கு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கியவரைத் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். அவர் எழுதிய அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2005இல், உச்ச நீதிமன்றம் குஜராத்தின் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தன் உறுப்பினர் தகுதியைப் பார்சிகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம் எனத் தீர்ப்பளித்தது. ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் பெயரால் திறந்த அந்தக் கதவு வழியே எந்தச் சாதியும் நுழைந்து உள்ளே தாழிட்டுக்கொள்ள முடியும். ரேரா சட்டத்திலோ சாதியைக் காரணம் காட்டி வீடு மறுப்பதைத் தடுக்கும் பிரிவு கிடையாது. 'சைவம் மட்டும்' என்ற இரண்டு சொல் அந்த வெற்றிடத்தில்தான் தைரியமாகத் தொங்குகிறது.

சுவர் எழும்போது இறந்தவர்களையும் மறக்கக் கூடாது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். போரூர் ஏரிக்கு அருகே, யாரும் குடியேறாத கட்டடம் அது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆந்திராவிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் கூலி வேலைக்கு வந்திருந்த தொழிலாளர்கள். நிலத்தைப் பற்றிய பொய்க்கு முதல் விலை கொடுப்பவர் எப்போதும் வாங்குகிறவர்கூட இல்லை.

நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. பதிவு செய்யப்படும் ஒவ்வொரு திட்டத்தின் பக்கத்திலும், சுற்றியுள்ள நீர்நிலைகள், வாய்க்கால்கள், சாலை விரிவாக்கக் கோடுகள், பஞ்சமி நிலங்கள், நிலுவையிலுள்ள நிலப் பயன்பாட்டு மாற்றங்கள் ஆகியவை தமிழில், வரைபடத்தோடு வெளியிடப்பட வேண்டும். 2022இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. மூன்றாம் பெருந்திட்டம் தயாராகும் இந்தக் காலத்தில், அந்த எல்லைக்குள் வந்துவிட்ட ஒவ்வொரு சேரிக்கும் மனை உரிமை முதலில் உறுதி செய்யப்பட வேண்டும். சாதி, மதம், உணவு பார்த்து வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவு வேண்டும். நம் இயக்கங்கள் நடத்தும் படிப்பகங்களில் 'அ' பதிவேட்டையும் புலப்பட வரைபடத்தையும் படிக்கக் கற்றுத்தர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அண்ணன் அந்த வீட்டை வாங்கவில்லை. மறுவாரம் விற்பனைப் பிரதிநிதி தொலைபேசியில் அழைத்து என்ன காரணம் என்று கேட்டார். வாய்க்காலைப் பற்றி அண்ணன் சொன்னார். "எல்லாரும் வாங்குறாங்களே சார்" என்றார் அவர். அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த நாலு குடிசையில இருக்கிறவங்க எங்க சொந்தக்காரங்க மாதிரி" என்று சொல்லி வைத்துவிட்டார். இப்போதும் வீடு தேடிக்கொண்டுதான் இருக்கிறார். போகும் இடத்தில் மாதிரி வீட்டைக் கடைசியில்தான் பார்க்கிறார். முதலில் சர்வே எண்ணை எழுதிக்கொள்கிறார்.