கூடமும் கோணலாக இருக்கலாம்

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. தன் குறையை மறைப்பதற்காகக் கருவியின்மீது பழிபோடுவோரை இடித்துரைக்க இதனைச் சொல்வர். இப்பழமொழியை நான் மறுக்கவில்லை. எனினும், கூடம் உண்மையாகவே கோணலாக இருந்தால் என்ன செய்வது என்ற வினாவை அது எழுப்புவதே இல்லை. சென்ற ஆடி மாதத்தில் அவ்வினா என் வீட்டு வாசலில் வந்து நின்றது.

புனே நகரின் தென்புறத்தில் உள்ளது கோந்த்வா. அங்கே எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள். மகாராட்டிர மாநிலக் கலை இயக்ககம் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் எலிமெண்டரி ஓவியத் தேர்வுக்கு அவள் ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். அதற்காக அவள் தந்தை 350 ரூபாய் விலையில் மேசைமீது வைக்கும் மரத்தாலான ஓவியத் தாங்கி ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், இரண்டு மணி நேரமாக அவள் வரைந்துகொண்டிருந்த பித்தளைக் குடத்தின் படம் முடியும் தறுவாயில், தாங்கியின் பின்கால் வழுக்கியது. பலகை கவிழ்ந்தது, தூரிகை கழுவும் நீர் தாள் முழுவதும் பரவியது.

“முதலில் ஒழுங்காக வரையக் கற்றுக்கொள். பிறகு விலையுயர்ந்ததாக வாங்கித் தருகிறேன்” என்றார் தந்தை. மறுநாள் அவள் என்னிடம், “எனக்கு ஓவியம் வராது போலிருக்கிறது, மாமா. கையே நிலையாக நிற்கமாட்டேன் என்கிறது” என்றாள். நிலையாக நிற்காதது கையா, கருவியா என்று பார்த்துவிடுவோம், தாங்கியை எடுத்து வா என்றேன்.

ஓவியத் தாங்கியைக் கடைக்காரர்கள் ‘ஈசல்’ என்றே அழைக்கின்றனர். மழை பெய்த மாலையில் விளக்கைச் சுற்றிப் பறக்கும் ஈசல், மரத்தை அரிக்கும் கறையான் இனத்தைச் சேர்ந்தது என்பதால், அப்பெயரை மரப்பொருளுக்குச் சூட்டுவது எனக்குச் சற்று நகைப்பைத் தரும். உண்மையில் அது டச்சு மொழியிலிருந்து வந்த சொல். அம்மொழியில் அதற்குக் கழுதை என்று பொருள். சுமப்பதையே தொழிலாகக் கொண்ட பொருளுக்கு அது பொருத்தமான பெயர்தான்.

இக்கருவி இல்லாமலேயே பெரும் ஓவியங்கள் தோன்றியுள்ளன என்பதையும் மறந்துவிடக் கூடாது. தஞ்சாவூர் ஓவியர்கள் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, துணி ஒட்டிய பலகையைத் தம்முன் கிடத்தியே பொன்தகடு பதித்து வேலை செய்தனர்; இன்றும் செய்கின்றனர். நிற்கும் தாங்கி, ஐரோப்பியரின் எண்ணெய் வண்ண முறையோடும் 1850இல் சென்னையில் தொடங்கப்பட்டது போன்ற கலைப் பள்ளிகளோடும் நம்மிடையே பரவியது. எதிரே உள்ள பொருளைப் பார்த்து வரைபவருக்குத்தான் அதன் தேவை மிகுதி. தாளை மேசையில் கிடத்தி வரையும்போது அதன் மேல்விளிம்பு கண்ணிலிருந்து விலகிச் சுருங்கித் தெரியும். நாம் அறியாமலேயே அப்பகுதியை நீட்டி வரைந்துவிடுவோம். பிறகு தாளைத் தூக்கிப் பிடித்தால், குடத்தின் கழுத்து கொக்கின் கழுத்தாக நீண்டிருக்கும். தாள் நம் பார்வைக்கு நேராக நிமிர்ந்து நின்றால் இப்பிழை நேராது. குனிந்து குனிந்து கழுத்து வலிப்பதும் குறையும்.

இனி, அந்த 350 ரூபாய்த் தாங்கிக்கு வருவோம். ‘இந்த விலைக்கு இவ்வளவுதான் கிடைக்கும்’ என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அதை நான் ஏற்கவில்லை. ஒரு பொருளை மதிப்பிடுவது அதன் விலையைப் படிப்பதன்று. அதன் எந்தக் குறை மரத்தில் உள்ளது, எந்தக் குறை வேலையில் உள்ளது என்று பிரித்தறிவதே மதிப்பீடு. மரத்தின் குறை நீங்காது. வேலையின் குறை பெரும்பாலும் நீங்கும்.

மரத்தை முதலில் பார்த்தோம். இலேசான ஊசியிலை மரம். வைரம் பாய்ந்த மரத்தை இவ்விலையில் எதிர்பார்ப்பதற்கில்லை. ஒவ்வொரு காலையும் கண்ணருகே பிடித்து, அம்பின் நேர்மையைப் பார்ப்பதுபோல் நுனிவரை நோக்கினோம். முறுக்கு இல்லை. காலின் நடுவே கணு இருக்கிறதா என்று தேடினோம். மெல்லிய காலில் கணு குறுக்கே அமைந்தால் என்றேனும் அவ்விடத்தில்தான் முறியும். அத்தகைய தாங்கியைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. நல்லவேளையாகக் கணுக்கள் மேற்சட்டத்தின் ஓரத்தில் மட்டுமே இருந்தன. பின்னர் ஒரு நூலை எடுத்து, முன்சட்டத்தின் எதிரெதிர் மூலைகளுக்கு இடையே பிடித்து இரு மூலைவிட்டங்களையும் அளந்தோம். இரண்டும் சமமாக இருந்தன. எனவே சட்டம் ஒருபக்கம் சாயவில்லை; கூடம் அவ்வளவு கோணலன்று என்று முடிவு செய்தோம்.

கோணல் வேறிடத்தில் இருந்தது. மூன்று கால்கள் உள்ள பொருள் ஆடாது என்பதைக் கணித வகுப்பில் படித்திருப்பீர்கள். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். ஆனால் ஆடாமல் இருப்பது வேறு, வழுக்காமல் இருப்பது வேறு. வழவழப்பான தரையில் ஏணியைச் சார்த்தினால் அதன் அடி எப்படி விலகி ஓடுமோ, அப்படியே பலகையின் எடை பின்காலை வெளிநோக்கித் தள்ளுகிறது. கால் எவ்வளவு அகல விரிகிறதோ, தள்ளும் விசையும் அவ்வளவு கூடும். அதைத் தடுக்க இத்தாங்கியில் கயிறு இல்லை, சங்கிலி இல்லை, காலின் அடியில் இரப்பர் இல்லை. அவள் வீட்டு மேசையோ மெருகேற்றிய கருங்கல் பதித்தது. பின்காலைப் பிடித்திருந்த கீலின் திருகாணிகளும் விரலால் கழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. இங்கே செய்தவரைக் குறைகூற நான் தயங்கமாட்டேன். ஒரு முழக் கயிற்றுக்கும் இரண்டு துளைகளுக்கும் என்ன செலவாகிவிடும்? விலை குறைவு என்பது மரத்தில் சிக்கனம் காட்டுவதற்குக் காரணமாகலாம். சிந்தனையில் சிக்கனம் காட்டுவதற்குக் காரணமாகாது.

திருத்தும் வேலை இரண்டு மாலைகளில் முடிந்தது. தளர்ந்த திருகாணிகளைக் கழற்றி, துளைகளில் மரப்பசை தடவி, ஊதுபத்தி எரிந்தபின் எஞ்சிய மூங்கில் குச்சிகளைச் செருகி ஒடித்தோம். மழைக்காலமாதலால் பசை காய இரண்டு இரவுகள் காத்திருந்தோம். பின்னர் மெல்லிய துளையிட்டுத் திருகாணிகளை மீண்டும் முடுக்கினோம். துளையிடாமல் முடுக்கினால் இவ்வகை மரம் பிளந்துவிடும். மிதிவண்டியின் பழைய டியூபை வெட்டி மூன்று கால்களின் அடியிலும் ஒட்டினோம். முன்சட்டத்தின் கீழ்க்குறுக்குக் கட்டையில் துளையிட்டுக் கயிறு கோத்தோம். பின்காலில் வாளால் சிறு வெட்டு ஒன்று போட்டோம். கயிற்றில் மூன்று முடிச்சுகள். எந்த முடிச்சு வெட்டில் மாட்டுகிறதோ, அதற்கேற்ற சாய்வு கிடைக்கும். பலகை அமரும் கட்டை மிகக் குறுகலாக இருந்ததால், அதன் முன்விளிம்பில் பழைய மர அடிக்கோலின் துண்டு ஒன்றை ஒட்டி வரம்பு அமைத்தோம். எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் பூசினோம். புனேயில் வேனிற்காலம் மரத்தை உலர்த்தும். அடுத்து வரும் பருவமழை அதை உப்பவைக்கும். எண்ணெய் அந்த ஏற்ற இறக்கத்தைச் சற்று மட்டுப்படுத்தும். ஓர் எச்சரிக்கை: அவ்வெண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்தோ விரித்து உலர்த்தியோதான் அப்புறப்படுத்த வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருக்க இவ்வேலையைச் செய்வதே முறை.

அறுபது ரூபாய்க்குமேல் செலவாகவில்லை.

இவ்விடத்தில் அம்மாணவியின் பக்கத்துக் குறையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அன்று அவள் நீர்வண்ணத்தைச் செங்குத்தான பலகையில் பூசிக்கொண்டிருந்தாள். கால் வழுக்குவதற்கு முன்பே வண்ணம் கீழ்நோக்கி வழிந்துகொண்டுதான் இருந்தது. நீர்வண்ணத்துக்கு மிகச் சிறிய சாய்வு போதும். அந்நேரத்தில் பலகையைத் தாங்கியிலிருந்து இறக்கி மேசையில் கிடத்தி, மேல்விளிம்பின் அடியில் ஒரு புத்தகத்தை வைப்பதே நல்லது. கோட்டோவியத்துக்கும் கெட்டியான வண்ணத்துக்கும் நிமிர்ந்த தாங்கி உதவும். ஆகவே, கூடமும் கோணல், ஆட்டத்திலும் பிழை. ஆனால் கூடத்தின் கோணலைச் சரிசெய்த பிறகுதான் ஆட்டத்தின் பிழை எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்று அவள் தந்தை என்னிடம் வாதிட்டார். அது வல்லவனைப் பற்றிய சொல். கற்றுக்கொள்ளும் சிறுமி இன்னும் வல்லவள் ஆகவில்லையே! கைதேர்ந்த ஓவியர், தாங்கி வழுக்கினால் தாங்கியைக் குறைகூறுவார். தொடக்க நிலையில் உள்ளவரோ தம்மையே குறைகூறிக்கொள்வார். தவறு எதனுடையது என்று அறியும் பழக்கம் அவருக்கு இன்னும் வரவில்லை. அதனால், முதலில் திறமையைக் காட்டு, பிறகு கருவி தருகிறேன் என்னும் ஏற்பாடு தலைகீழானது என்பதே என் கருத்து. அதற்காக விலையுயர்ந்த தாங்கியை வாங்கித் தர வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. பள்ளிகள் எல்லாப் பெற்றோரையும் அவ்வாறு வாங்கச் சொல்வது தவறாகவே முடியும். ஓவிய வகுப்பின் முதல் இரண்டு பாடவேளைகளை, மாணவர் தம் தாங்கியைத் தாமே சோதித்துத் திருத்துவதற்கு ஒதுக்கினால் என்ன? தூரிகை பிடிப்பதற்குமுன் திருகாணி முடுக்கக் கற்பது இழுக்கன்று.

அந்தத் தாங்கி இன்றும் எளிய பொருள்தான். அரை மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள சட்டத்துணியை அதில் ஏற்றினால் கவிழும். அதற்கு எங்களிடம் மருந்தில்லை. ஏ3 அளவுத் தாளுக்கும் பலகைக்கும் அது உறுதியாக நிற்கிறது. பித்தளைக் குடத்தை அவள் மூன்றாம் முறையாக வரைந்து கொண்டுவந்தாள். கழுத்து சரியாக அமைந்திருக்கிறது. வயிற்றுப்பகுதி மட்டும் இடப்பக்கம் சற்றுப் பருத்திருக்கிறது. இம்முறை அவள் தாங்கியைக் குறைகூறவில்லை; நூலைக் கேட்டு வாங்கி, குடத்தை அளக்கப் போய்விட்டாள்.