மலை ஏறாத போட்டி

மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக றிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில், தேயிலையும் மிளகும் பின்தங்கி மலைக்காடு தொடங்குமிடத்தில், வளைவின் ஓரமாக ஒரு கருங்கல் கிடக்கிறது. சில மாதங்களுக்கு முன் அவ்வழியே போனபோது, முந்தானையைத் தலையில் போர்த்தியபடி அந்தக் கல்லின்மேல் நின்று கைத்தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பேசிக்கொண்டிருந்த தோட்டத்து அம்மாள் ஒருவரைக் கண்டேன். பேசி முடித்து இறங்கியவர், "மகன் கட்டார்ல இருக்கான் தம்பி. இந்தக் கல்லு மேல நின்னாத்தான் அவன் சத்தம் கேக்கும், ரெண்டடி கீழ எறங்குனா போச்சு" என்றார். நானும் ஏறி நின்று பார்த்தேன். என் தொலைபேசியில் ஒரு கோடுகூட எழவில்லை. அவருடைய சிம் ஒரு கம்பனியினது, என்னுடையது இன்னொன்றினது. ஒரே கல்லில் நின்ற இருவரில் ஒருவருக்குக் கடல் கடந்த கட்டார் கேட்டது. மற்றவருக்கோ மலையடிவாரத்து மாத்தளையே எட்டவில்லை.

கம்பனிகளின் போட்டியினால் நமக்குக் கிடைத்த நன்மையை மறுப்பது நியாயமாகாது. 1989இல் செல்டெல் ஸ்தாபனம் தென்னாசியாவிலேயே முதலாவதாகக் கைத்தொலைபேசிச் சேவையை இந்நாட்டில் ஆரம்பித்தபோது, அது தனவந்தரின் வாகனத்துக்குரிய அலங்காரமாகவே இருந்தது. 1993இல் மொபிடெல்லும், 1995இல் டிஜிட்டல் முறையோடு டயலொக்கும் வந்து, ஒருவர் கட்டணத்தை மற்றவர் வெட்டத் தொடங்கிய பிறகே கொழுந்து பறிக்கும் கைக்கும் அது வந்து சேர்ந்தது. 2006இல் மூன்றாம் தலைமுறை, 2013இல் நான்காம் தலைமுறை என்று நுட்பத்தில் ஒருவரையொருவர் முந்திய அந்த ஓட்டத்தில், ஹட்ச் ஏற்கெனவே இருக்க, 2009இல் எயார்டெல்லும் வந்து சேர்ந்து ஐவரானார்கள். இடையில், 2005ஆம் ஆண்டையொட்டி, சி.டி.எம்.ஏ. என்ற வேறொரு நுட்பத்தில் இயங்கிய மேசைத் தொலைபேசிகள் கிராமமெங்கும் பரவி, லயன் கூரைகளில் மூங்கில் கழி நட்டு அதன் நுனியில் அன்டெனா கட்டிய காலமும் ஒன்றிருந்தது, கழியைத் திருப்புவதற்கென்றே ஒரு பையன் கூரையில் ஏறி, "இப்ப கேக்குதா?" என்று கூவிக்கொண்டிருந்ததை என் வயதினர் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் போட்டிக்கு ஒரு சுபாவம் உண்டு. ஜனங்கள் நெருங்கி வாழும் இடத்தில் அது ஓடும். பத்து லயன்களுக்காக ஒரு மலையைச் சுற்றிவர அதற்கு மனம் வராது. மாத்தளை திருகோணமலை வீதியில் ரீலோட் பலகை தொங்காத கடையைத் தேடித்தான் காணவேண்டும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுபக்கத்தில், லக்கலை, பல்லேகமைப் பக்கங்களில், சிக்னல் அகப்படும் இடத்தைத் தேடிக் குன்றேற வேண்டியிருக்கிறது. இதற்கு இயற்கையும் ஒரு காரணம்: அதிர்வெண் குறைந்த அலை தொலைதூரம் சென்று மேட்டையும் ஓரளவு வளைந்து கடக்கும், வேகமான இணையத்தைத் தரும் உயர்ந்த அதிர்வெண்ணின் அலையோ மலை குறுக்கிட்டால் அங்கேயே நின்றுவிடும். எனவே நுட்பம் முன்னேற முன்னேற, பட்டணத்துக்கு வேகம் கூடும்; பள்ளத்தாக்குக்கோ மேலும் அதிகக் கோபுரங்கள் தேவைப்படும்; அங்கே கோபுரம் நாட்டுவதில் ஆதாயம் இல்லை. ஆதாயம் முடியும் இடத்தில் வசதியும் நின்றுவிடுவது இம்மாவட்டத்துக்குப் புதிதுமன்று. 1880இல் புகையிரதப் பாதை கோப்பிக்காக மாத்தளை வரை வந்தது. அப்போதே கோப்பி இலைநோயால் அழிந்துகொண்டிருந்தது. பாதையோ அன்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறது.

2021இல், கொரோனாவினால் பாடசாலைகள் மூடியிருந்தபோது, பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவையில் ஆசிரியையும் பிள்ளைகளும் சிக்னலுக்காகக் காட்டுவழியே மலையுச்சிக்கு நடந்த செய்தியை உலகமே படித்தது. அதே காலத்தில் நமது மாவட்டத்து மலைப்பாதைகளிலும் சீருடையில்லாத பிள்ளைகள் பாறைமேல் குடைபிடித்து உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் கண்டவன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்தபோதோ நிலைமை இதனினும் கொடிது. மின்சாரம் அற்று, கோபுரங்களின் மின்கலங்களும் தீர்ந்து, மண்சரிவுக்கு அப்பால் இருந்தவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்று அறிய வழியின்றி உறவினர் தவித்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் காரணம் நுட்பத்தின் இயலாமை மட்டுமா? அன்று. றிவர்ஸ்டன் பார்க்க வரும் வெளிநாட்டுப் பிரயாணியின் தொலைபேசியைப் பாருங்கள்: தன் நாட்டு சிம்மோடு வந்திறங்கும் அவருக்கு, அவருடைய கம்பனி இங்கே உடன்படிக்கை செய்துகொண்ட வலையமைப்புகளில் எது கிடைக்கிறதோ அது சேவை தருகிறது; ஒன்று மறைந்தால் தொலைபேசி மற்றொன்றைப் பற்றிக்கொள்கிறது. அவசர அழைப்பும் அப்படியே, எந்தக் கம்பனியின் கோபுரம் எட்டுகிறதோ அதன் வழியே போகும்படிதான் இந்த நுட்பம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆக, அந்தக் கல்லின்மேல் என் தொலைபேசி ஊமையாக இருந்தது அலை இல்லாமையால் அன்று; அலையைத் தொட எனக்கு அனுமதி இல்லாமையால். பரதேசிக்குக் கிடைக்கும் சௌகரியம் பரம்பரையாக இம்மலையில் உழைப்பவர்களுக்கு மறுக்கப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தியாவில் 2025 ஜனவரியில், அரசாங்க நிதியில் எழுந்த கிராமப்புறக் கோபுரங்களில் பி.எஸ்.என்.எல்., எயார்டெல், ஜியோ ஆகிய மூன்றின் வாடிக்கையாளரும் எந்தக் கோபுரத்தையும் பயன்படுத்தும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. பிரித்தானியாவிலும் 2020இல் நான்கு கம்பனிகள் கிராமப்புறங்களில் வலையமைப்பைப் பகிர்ந்துகொள்ள அரசாங்கத்துடன் உடன்பட்டன. சொந்தப் பணத்தில் கோபுரம் நாட்டிய கம்பனி, அதைப் போட்டியாளருக்கு ஏன் திறந்துவிட வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்வியே. திறந்துவிடுபவருக்கு உரிய வாடகையை மற்றவர் செலுத்தட்டும், அந்த வாடகையைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நிர்ணயிக்கட்டும் என்பதே என் பதில். கட்டணத்திலும் வேகத்திலும் பட்டணத்தில் அவர்கள் இன்றுபோலவே போட்டியிடலாம்.

இதைக் கேட்பதற்கு இதுவே தருணம் என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. முன்னர் செல்டெல்லாக இருந்த எடிசலாட் 2018இல் ஹட்சுடன் இணைந்தது, 2024 ஜூனில் எயார்டெல் டயலொக்குடன் இணைந்தது, ஐவராயிருந்தவர்கள் மூவராகிவிட்டார்கள். போட்டியின் அளவு சுருங்கும்போது பொதுக்கடமையின் அளவு பெருகவேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, அடுத்த தலைமுறைக்கான அலைவரிசையை வழங்கும்போதும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போதும், ஒரே கம்பனியின் கோபுரம் மட்டுமே எட்டும் பிரதேசங்களைப் பிரதேச செயலகப் பிரிவுவாரியாகப் பட்டியலிட்டு, அங்கெல்லாம் மற்ற இருவரின் வாடிக்கையாளருக்கும் அக்கோபுரம் திறந்திருக்கவேண்டுமென்று நிபந்தனை விதிக்கவேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்க வருகிற அதிகாரிகள் மூன்று சிம்களையும் கையில் எடுத்துக்கொண்டு றத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் ஏறட்டும். எந்த வளைவில் இறங்கவேண்டும் என்பதைக் கொண்டக்டரே சொல்லுவார்.