வெள்ளம் கர்த்தர் வைத்த சோதனையா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மொட்டைமாடியில் ஜெபம் பண்ணிக்கொண்டே படகுக்குக் காத்திருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. அந்த விசுவாசத்தைக் கிண்டல் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. கரண்ட் இல்லாத இருட்டில், படிக்கட்டில் தண்ணீர் ஏறும்போது மனுஷனுக்கு வேறு எது துணை?

ஆனால் தண்ணீர் வடிந்த பிறகும் "எல்லாம் கர்த்தர் வைத்த சோதனை" என்று முடித்துவிடுகிறார்களே, அங்கேதான் இடிக்கிறது. டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. சரி, அது வானத்தின் கணக்கு. ஆதனூர் பக்கமிருந்து வரும் அடையாற்றின் வெள்ளம் பரவும் இடத்தில் மனை போட்டு விற்றது யார்? அனுமதி கொடுத்தது யார்? தேவதூதர்களா?

பைபிளையே புரட்டுங்கள். நோவாவுக்கு மழைக்கு முன்பே எச்சரிக்கை வந்தது. பேழை 300 முழ நீளம் என்று அளவுகூட வந்தது. முடிச்சூரில் கடன் வாங்கி வீடு கட்டியவரிடம், இது ஆற்றின் வழி என்று யாராவது சொன்னார்களா?

இனி உலகை வெள்ளத்தால் அழிப்பதில்லை என்று வானவில்லை அடையாளமாக வைத்தவரும் அதே கர்த்தர்தான். ஆற்றங்கரையை விற்றவன் பாவத்தை அவர் தலையில் ஏற்றாதீர்கள்!

ஜெபியுங்கள், தப்பில்லை. ஆமென் சொன்னதும் எழுந்துபோய், ஆற்றின் இடம் எங்கே என்று தாசில்தார் ஆபீசில் கேளுங்கள்.