சிறு துளையும் பெரும் பொறுப்பும்

வயிற்றின் வழியே கீழிறங்கும் மகா தமனி முதுமையில் சிலருக்குச் சுவர் நலிந்து, பலூன்போல் உப்பிவிடுகிறது. பெரும்பாலும் வலி இராது. வெடித்துவிட்டாலோ பிழைப்பவர் சிலரே. 1955-ம் வருஷத்தில் மேதை ஐன்ஸ்டீனின் உயிரைக் கொண்டுபோனது இவ்வியாதிதான்.

வயிற்றைக் கீறித் திறந்து, பழுதுற்ற பாகத்தில் செயற்கைக் குழாயை வைத்துத் தைப்பது பழைய முறை. 1990-ல் அர்ஜெண்டைனா தேசத்தின் தலைநகரில் ஹுவான் பரோடி என்னும் ரண சிகிச்சை நிபுணர் வேறொரு வழி காட்டினார். மடித்த துணிக்குழாயைத் தொடையிடுக்கிலுள்ள தமனி வழியே மேலே செலுத்தி, வீக்கத்தினுள் விரித்து, உலோக வலையால் பொருத்தினார். வயிற்றில் கத்தி படவில்லை. உலகம் வியந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் சிகிச்சையின் பெருமையை வியப்பைக் கொண்டு அளக்கலாகாது. பலனைக் கொண்டே அளக்க வேண்டும். பிரிட்டனில் 1999 முதல் 2004 வரை 1,252 நோயாளிகளைச் சேர்த்து, சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாக்கிப் பரீட்சித்தார்கள். சிகிச்சைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறந்தோர் பழைய முறையில் நூற்றுக்கு 4.3, புதிய முறையில் 1.8 மட்டுமே. புதிய முறைக்கு வெற்றி என்று பேரிகை கொட்டியிருக்கலாம்.

நல்லவேளையாக, அவர்கள் கணக்கை அத்துடன் மூடிவிடவில்லை. 15 வருஷ காலம் தொடர்ந்து பார்த்து 2016-ல் வெளியிட்ட முடிவு வேறு கதை சொல்லிற்று. புதிய முறையின் அநுகூலம் ஆரம்ப மாதங்களோடு நின்றது. எட்டு வருஷத்துக்குப் பின்னரோ, வயிற்றைத் திறந்து சிகிச்சை பெற்றவர்களிடையேதான் மரணம் குறைவாக இருந்தது. குழாயின் ஓரத்தில் ரத்தம் கசிந்து, அடங்கிய வீக்கம் மறுபடி பெருத்துச் சிலருக்கு வெடித்ததே இதற்கு ஒரு முக்கிய காரணம்.

அந்நாளையக் குழாய்களினும் இன்றையவை திருத்தமானவை என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். எனினும், இன்று வைக்கும் குழாயின் பதினைந்தாம் வருஷத்தை அறியப் பதினைந்து வருஷம் காத்திருந்தே தீர வேண்டும்.

புதிய முறையைப் பழிப்பது நம் நோக்கமன்று. இருதயம் தளர்ந்த முதியவருக்குச் சிறு துளையே பெரும் வரமாகலாம். உடல் வலுவும், இன்னும் பல ஆண்டு ஆயுளை எதிர்பார்க்க இடமும் உள்ளவருக்குப் பெரிய காயமே புத்திசாலித்தனமாக இருக்கலாம். எதைத் தேர்ந்தாலும் நோயாளிக்கு முழு விவரமும் தெரிந்தாக வேண்டும். சில தினங்களில் எழுந்து நடந்து வீடு திரும்புகிறவர், "வியாதி தொலைந்தது" என்று எண்ணிவிடுகிறார். உண்மையில், வாழ்நாள் முழுதும் குறித்த காலத்தில் படமெடுத்துப் பார்க்கும் கடமை அன்றுதான் ஆரம்பமாகிறது. அதற்குரிய செலவும் அலைச்சலும் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டியவை.

ஆகையால் நேயர்கள், சம்மதக் காகிதத்தில் கையெழுத்திடுமுன் டாக்டரிடம், "எப்பொழுது வீட்டுக்குப் போகலாம்?" என்பதோடு நிறுத்த வேண்டாம். "பத்து வருஷத்துக்குப் பின் இந்தக் குழாயை யார் பார்ப்பார்கள்?" என்றும் கேளுங்கள். தம் கைவேலையின் பலனை அத்தனை காலமும் கவனித்துக் கணக்கு வைக்கும் ரண சிகிச்சையாளரையே நாம் சிறந்த நிபுணர் என்போம்.