பயிற்சி விமானம் மட்டும் ஏன் கடைசி வரிசையில்?

மாண்புமிகு இந்தியப் பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



2025 நவம்பரில் தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பிலாட்டஸ் பயிற்சி விமானம் ஒன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் விழுந்து நொறுங்கியது. எஜெக்‌ஷன் சீட்டின் புண்ணியத்தில் விமானி வெளியே பாய்ந்து பிழைத்தார். விசாரணைக்கு உத்தரவு என்று மறுநாள் செய்தித்தாளில் படித்தோம். இத்தகைய விசாரணைகளின் முடிவை மட்டும் நாங்கள் படிப்பதே இல்லை. அதைக் கேட்டுத்தான் இந்த மடல். கேட்பதற்கான நியாயம் ஒரு பழைய பிரிட்டிஷ் கணக்கில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் களத்தில் இறக்கிய ஜெட், க்ளாஸ்டர் மீட்டியர். அது பணியில் இருந்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை சுமார் 890 மீட்டியர்களை இழந்தது. ஏறத்தாழ 450 விமானிகள் இறந்தார்கள். ஒரே ஆண்டில் மட்டும் போனவை 150-க்கு அருகில். பெரும்பாலும் உள்நாட்டு வானத்தில், பயிற்சியிலும் அன்றாடப் பறத்தலிலும் நடந்த சாவுகள் இவை. 1951 ஜூன் 18 அன்று லண்டனுக்குப் பக்கத்தில் பிகின் ஹில் தளத்தருகே ஒரே நாளில் மூன்று மீட்டியர்கள் விழுந்தன.

இந்தக் கணக்கில் என்னை உறுத்துவது ஒரு பாடம்: ஒற்றை எஞ்சினில் பறக்கும் பயிற்சி. மீட்டியருக்கு இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள். உடலிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கும். ஒன்று நின்றால் மற்றது விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும். அதை நேராக்க ரட்டர் பெடலை முழு பலத்தோடு மிதித்தபடியே ஓட்ட வேண்டும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் எவ்வளவு வலுவான காலாலும் பயனில்லை; விமானம் மல்லாந்து தரையில் போய் மோதும். இதைக் கற்றுக்கொடுக்கப் பறக்கும்போதே ஓர் எஞ்சினை உண்மையாகவே அணைத்தார்கள். தாழ்வான உயரத்தில் பிடி நழுவினால் அதை மறுபடி உயிர்ப்பிக்க ஏது நேரம்? நிஜமாகவே எஞ்சின் பழுதாகி இறந்தவர்களைவிட, பழுதானால் என்ன செய்வது என்று பழகும்போது இறந்தவர்கள் அதிகம். கணக்கு இப்படிப் புரண்டு கிடப்பது தெரிந்தும் பயிற்சி தொடர்ந்தது. எஞ்சினை அணைக்காமல் அதன் விசையை மட்டும் குறைத்துப் பழக்கலாம் என்ற யோசனை நடைமுறைக்கு வருவதற்குள் பல வீடுகளுக்குத் தந்தி போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு. மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் எஜெக்‌ஷன் சீட்டில் பெர்னார்ட் லிஞ்ச் என்பவர் முதன்முதலாக வானில் பாய்ந்து வெளியேறியது 1946 ஜூலை 24-இல்; அவர் பாய்ந்தது ஒரு மீட்டியரிலிருந்து. அதே மீட்டியரின் இருவர் அமரும் பயிற்சி வகை, டி.7, முதலில் பறந்தது 1948 மார்ச்சில். அதில் எஜெக்‌ஷன் சீட் இல்லை. பின்னால் வந்த எஃப்.8 போர் விமானத்தில் இருந்தது. தேர்ந்தவனுக்கு சீட், கற்றுக்கொள்பவனுக்கும் கற்றுக்கொடுப்பவனுக்கும் பாராசூட்! பிற்பாடு மார்ட்டின்-பேக்கர் தன் புதிய சீட்டுகளைச் சோதிக்கப் பல பத்தாண்டுகள் பறக்கவிட்டது, திருத்தியமைத்த டி.7 விமானங்களைத்தான். இந்த வேடிக்கையை எந்தக் கணக்கில் எழுதுவது?

பிரிட்டிஷ்காரர்களைக் குறை சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் தேவை என்று லா ஃபோன்டெய்ன் குழு சொன்னது 1982-இல். அதற்காக ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004-இல். பீதர் விமானப்படைத் தளத்தில் அது முறைப்படி படையில் சேர்ந்தது 2008-இல். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் நம் பிள்ளைகள் கிரண் போன்ற மெதுவான விமானங்களிலிருந்து இறங்கி, இடையில் ஏற்ற படி ஏதுமின்றி, மிக்-21 போர் விமானத்தில் ஏறினார்கள். போர் விமானம் வாங்கினால் தலைப்புச் செய்தி, பயிற்சி விமானத்துக்கு அது கிடைப்பதில்லை. 2023-இல் 70 எச்.டி.டி-40 பயிற்சி விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டீர்கள்; அதுவும் எஞ்சினுக்காகக் காத்துக் கிடந்தது.

2017 முதல் 2022 வரை நடந்த 34 விமானப்படை விபத்துகளில் 19-க்குக் காரணம் விமானிகளின் தவறு என்கிறது நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை. இருக்கலாம். மீட்டியரில் இறந்தவனும் பெடலைச் சரியாக மிதிக்காதவன்தானே! அந்தப் பாடத்தை எழுதியவர் யார், எந்த உயரத்தில் நடத்தச் சொன்னார், அவன் அதற்கு முன் எத்தனை மணி நேரம் பறந்திருந்தான் என்பதெல்லாம் விசாரணைக் கோப்புக்குள் இருக்கும். அதனால்தான் கோப்பைக் கேட்கிறோம்.

பயணிகள் விமானம் விழுந்தால் விபத்துப் புலனாய்வு அமைப்பு தன் இறுதி அறிக்கையைப் பொதுவில் வைக்கிறது. அதே வழக்கத்தைப் பயிற்சி விமான விபத்துகளுக்காவது கொண்டுவாருங்கள். ராணுவ ரகசியம் என்று அதிகாரிகள் சொல்வார்கள். ஆயுதம் சுமக்காத பயிற்சி விமானத்தில் எதிரிக்குப் பயன்படும் ரகசியம் அதிகம் இருக்காது. இருந்தால் அந்தப் பத்தியை மட்டும் கறுப்பு மையால் அடித்துக்கொள்ளுங்கள். விமானியின் பெயரும் வேண்டாம். பறந்த மணி, பாடம், உயரம், பழுது, மாற்றப்பட்ட விதி, இவை போதும்.

விமானப்படையின் பறத்தல் பயிற்சி ஆசிரியர்களையே உருவாக்கும் பள்ளி தாம்பரத்தில்தான் இருக்கிறது. வெளியிட்டால் பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் அங்கே இருப்பவர்கள் படிப்பார்கள். கடந்த பத்தாண்டுப் பயிற்சி விபத்து அறிக்கைகளை இந்த நிதியாண்டு முடிவதற்குள் நாடாளுமன்றத்தில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் ஒரு வாசகன்