யாரைக் கேட்டார்கள்?

அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் நெருங்கினால் நம் மண்டிகளிலும் அதே பேச்சுதான். கணிப்பை நம்பி, டாலர் ஏறும், பாமாயில் ஏறும் என்று சரக்கை நிறுத்தி வைப்பவர்களும் உண்டு. நமக்கு இதில் உடன்பாடில்லை.

1936இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஒரு கோடி பேருக்குச் சீட்டு அனுப்பிக் கருத்துக் கேட்டது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதியது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். சீட்டுப் போனது பெரும்பாலும் டெலிபோனும் மோட்டார் காரும் வைத்திருந்தவர்களுக்கு. நாடே மந்தத்தில் கிடந்தபோது அவை யாரிடம் இருந்திருக்கும்! அவர்களைவிட மிகக் குறைவான பேரைக் கேட்ட ஜார்ஜ் காலப் சரியாகச் சொன்னார். மூட்டை வாயில் பத்துப் பிடி அள்ளினாலும் அடிச்சரக்கு தெரியாது. குத்தூசியை நடுவிலும் அடியிலும் போட வேண்டும். இது நம் கடைப் பையனுக்கும் தெரியும்.

எண்பது ஆண்டு கழித்து 2016இலும் அதே கதை. பல மாநிலக் கணிப்புகளில் கல்லூரிப் படிப்பில்லாதவர்களின் பங்கு குறைவாகவே விழுந்தது. ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் சுமார் 28 லட்சம் ஓட்டு கூடுதலாகப் பெற்றும் தோற்றார். அங்கே கணக்கு மாநிலவாரி. மூன்று மாநிலங்களில் சேர்த்து 80,000 ஓட்டுக்கும் குறைவான வித்தியாசம் முடிவைத் தீர்த்தது. அத்தனை சிறு வித்தியாசத்தை எந்தக் கணிப்பு பிடிக்கும்? அதை நம்பி, வட்டிக்கு வாங்கிச் சரக்கைப் பூட்டுவது நமக்குச் சரியாகப் படவில்லை.